பாட்டியின் நீள நோட்டும் வை.மு.கோ.வின் குரலும்

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு நீள நோட்டுகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி ஒடுக்கமாக, நீளமாக, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. பாட்டியின் பாட்டு நோட்டுகள். மூன்று இருந்தன, மூன்றாவது எங்கே போனது என்பதை அப்புறம் சொல்கிறேன். ஊஞ்சல் பாட்டு, பச்சைப்பிடி சுற்றும்போது பாடுவது, நலங்குப் பாட்டு, லாலி, சீமந்தத்துக்கு, வளைகாப்புக்கு, தொட்டில் போடுவதற்கு, அது போக சம்பந்திகளைக் கேலி செய்வதற்கென்றே ஒரு பத்துப் பதினைந்து. பாதி பாட்டி மற்றவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டது, மீதி அவளே கட்டியது. தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இரண்டு நாள் முன்னால் வந்து பெண் பேர், பிள்ளை பேர், ஊர், பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்களாம். பாட்டி அரிசி களைந்துகொண்டே பாட்டுக் கட்டிவிடுவாளாம்.

நோட்டில் எழுத்து அழகாக இருக்கும். ஊதா மை, கொஞ்சம் சாய்ந்த எழுத்து, 'லை'யும் 'னை'யும் பழைய கொம்பு வைத்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'மெட்டு' என்று போட்டு எதிரே ஒரு வரி. அந்த வரியில்தான் என் பிரச்சினையே. 'சின்ன நாத்தனார் கல்யாணத்தில் பாடினது.' 'மாடிப் போர்ஷன் மாமி மெட்டு.' 'டிராமாவில் கடைசியில் வருமே, அது.' ஒரு பாட்டுக்கு மட்டும் 'எல்லோருக்கும் தெரிந்தது' என்று எழுதியிருக்கிறாள். அந்த எல்லோரும் இப்போது இல்லை. பாட்டி 1993ல் போய்விட்டாள், மாடிப் போர்ஷன் மாமி அதற்கும் முன்னால்.

ஆக, என்னிடம் இருப்பது முழுப் பாட்டு இல்லை, பாட்டின் ஒரு பாதி. எழுத்து இருக்கிறது, குரல் இல்லை. இந்த ஒரு விஷயம் என்னைப் பல வருஷமாகப் படுத்துகிறது, அதனால்தான் இன்று அந்தக் காலத்து நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

சம்பந்தம் இருக்கிறது. அந்த நோட்டுகள் இருந்த அதே தகரப் பெட்டியில், வெள்ளை நூலால் கோணி தைக்கிற மாதிரித் தைத்த ஒரு கட்டு இருந்தது. அவர் நடத்திய 'ஜகன்மோகினி' மாதப் பத்திரிகையில் வந்த அவருடைய தொடர்கதைப் பக்கங்களை மாதா மாதம் கிழித்து எடுத்து வரிசையாகச் சேர்த்துப் பாட்டி தைத்து வைத்த கட்டு. முதல் பக்கம் போய்விட்டது, கடைசி ஏழெட்டுப் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது, நடுவில் ஒரு இடத்தில் ரசக் கறை. சின்ன வயதில் அதைப் படித்தபோது எனக்கு நடை ஓடவே இல்லை. நீளநீளமான வசனம், ஆளுக்கு ஆள் உபதேசம். 'இதையா நீ தைத்து வைத்துக்கொண்டு படித்தாய்?' என்று பாட்டியைக் கேட்டேன். 'படிச்சேன்னு யார் சொன்னா? வாசிச்சேன்டி. நான் வாசிப்பேன், நாலு பேர் கேட்பா' என்றாள். மத்தியானம் சாப்பாடு ஆனதும் இரண்டாம் கட்டில் பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, எழுத்துத் தெரிந்த பாட்டி சத்தமாக வாசிப்பாளாம். அதைக் கேட்ட பிறகு அந்தப் பக்கங்களை ஒருநாள் நானும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். கண்ணுக்கு இழுவையாக இருந்த வசனம் காதுக்கு அப்படி இல்லை, எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே வாக்கியம் தானாக நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கதை சொல்லிச் சொல்லிப் பழகிய ஒருவருடைய வாக்கியம் அது.

உண்மையிலேயே கோதைநாயகி அம்மாள் அப்படித்தான் ஆரம்பித்தார். 1901 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இல்லை. ஐந்தரை வயதில் கல்யாணம். வாக்கப்பட்ட இடம் திருவல்லிக்கேணி வை.மு. குடும்பம், அதாவது வைத்தமாநிதி முடும்பை. கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் இந்தக் குடும்பம்தான், பழைய தமிழ் வாத்தியார்களிடம் கேட்டால் அந்த உரையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அப்படித் தமிழ் மணக்கிற வீட்டுக்கு வந்த மருமகள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஆனால் கதை சொல்வார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு, கேட்ட கதை, தானே கட்டிய கதை எல்லாம். நல்ல சாரீரம், பாட்டும் வரும். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்து தனக்கும் ஒரு நாடகம் தோன்றியபோது, அதைத் தானே எழுத அவருக்கு எழுத்து கைவரவில்லை. பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுத, இவர் சொல்லிக்கொண்டே போனார். 'இந்திர மோகனா' அப்படித்தான் வந்தது, 1924ல் அச்சும் ஆனது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். நூற்றுப் பதினைந்து நாவல் எழுதிய பெண் என்று எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள், சரி, 115 என்பது சாதாரண எண் இல்லை. ஆனால் முதல் புத்தகம் கையால் எழுதினது இல்லை, வாயால் சொன்னது, கேட்டு எழுத ஒரு தோழி இருந்ததால்தான் அது காகிதத்துக்கு வந்தது. தோழி மட்டும் 'எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது' என்று எழுந்து போயிருந்தால்? எத்தனை வீட்டில் எத்தனை பெண்களுக்கு அப்படி எழுதிக்கொள்ள ஒருத்தி கிடைக்காமல் போயிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றை என்னவோ செய்கிறது.

அதற்கப்புறம் நடந்தது வேகம். தானே எழுதப் பழகினார், நாவல் எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், அந்தக் காலத்துத் துப்பறியும் கதைகளின் பெரிய கை, அவருடைய ஆதரவு கிடைத்தது. 1925ல் 'ஜகன்மோகினி' இவர் கைக்கு வந்தது. பெண்பிள்ளை பத்திரிகை நடத்துவதா, நாவல் எழுதுவதா, அதைக் குடும்பப் பெண்கள் படிப்பதா என்று தூற்றியவர்கள் நிறைய. அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே எழுதினார், அச்சகமும் வைத்தார், ஏறக்குறைய 35 வருஷம் அந்தப் பத்திரிகையை விடாமல் நடத்தினார். நடுவில் உலக யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது. ஒரு மாதப் பத்திரிகையை நாலு வருஷம் நடத்துவதே என்ன பாடு என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

1925ல் காந்தி சென்னைக்கு வந்தபோது காங்கிரஸ் தலைவர் சீனிவாச ஐயங்கார் வீட்டில் அவரையும் கஸ்தூரிபாயையும் பார்த்தவர், பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். அம்புஜம்மாள், வசுமதி ராமசாமி என்று கூடவே ஒரு பெண்கள் கூட்டம். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல், சிறை. சிறையிலும் எழுதினார். உள்ளே இருந்த மற்ற பெண்கள் சொன்ன கதைகள் அவர் நாவல்களுக்குள் வந்தன. பாருங்கள், அங்கேயும் அதே காரியம்தான்: யாரோ சொல்ல, ஒருத்தி எழுதிக்கொள்வது. தனக்குத் தோழி செய்ததை இவர் மற்றவர்களுக்குச் செய்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கோதைநாயகி அம்மாள் பாடகர். பொழுதுபோக்காகப் பாடியவர் இல்லை. காங்கிரஸ் கூட்டங்களில் பேசுவதோடு பாடவும் செய்வார், சொந்தமாகப் பாட்டு இயற்றியிருக்கிறார். கர்நாடக சங்கீதப் பாடகி டி.கே.பட்டம்மாளை மேடையில் பாட ஊக்கப்படுத்தியதில் இவருக்குப் பங்கு உண்டு. காஞ்சிபுரத்தில் 1919ல் பிறந்த பட்டம்மாள், பிராமணக் குடும்பத்துப் பெண்கள் சபை மேடையில் உட்கார்ந்து பாடுவது நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் மேடையேறியவர். கச்சேரியின் கடினமான பகுதியான ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கு மட்டும் என்று இருந்ததையும் மாற்றியவர், பல்லவி பட்டம்மாள் என்றே பேர் வந்தது. அப்படிப்பட்டவர் சிறுமியாக இருந்தபோது, இந்தப் பெண் பாட வேண்டும் என்று பின்னால் நின்று தூண்டியவர்களில் ஒருவர் ஒரு நாவலாசிரியர். ஒரு பட்டம்மாள் இவர் சொன்னதை எழுதிக் கொடுத்தார், இன்னொரு பட்டம்மாளுக்கு இவர் மேடைக்கு வழி காட்டினார். இரண்டு பேர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

நான் அவர் எழுத்தைப் படித்திருக்கிறேன். குரலைக் கேட்டதில்லை. அவரைப் பற்றிய பேச்சு வந்தால் எல்லோரும் நாவலாசிரியர், பத்திரிகையாசிரியர், தியாகி என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'பாடவும் செய்வார்' என்று ஒட்டவைப்பார்கள். எனக்கு அந்த 'பாடவும்' பிடிக்கவில்லை. அவருக்குக் கதை, பாட்டு, பேச்சு எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வந்தது. நாம் காகிதத்தில் நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கணக்குப் போட்டுவிட்டோம். என் பாட்டியின் நோட்டில் இருப்பதும் அப்படி நின்ற பாதிதான்.

பாட்டி அவரை நேரில் பார்த்திருக்கிறாளா என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன். பதினாலு வயதில், 1932 வாக்கில், திருவல்லிக்கேணிக்கு மருமகளாக வந்தவள். அதே கோயில், அதே குளம், அதே மாட வீதி. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்து முடிந்து பத்துப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து எத்தனையோ மத்தியானம் பல்லாங்குழி ஆடியிருக்கிறேன்.

நலங்கு பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், இப்போது நலங்கு என்றால் பெரும்பாலும் போட்டோ எடுப்பவருக்காக நடக்கிறது. கல்யாணத்தன்று சாயங்காலம், பெண்ணும் பிள்ளையும் எதிரெதிரே பாயில் உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள், அப்பளம் உடைப்பார்கள், பெண் பிள்ளைக்குக் காலில் நலங்கு மஞ்சள் இட வேண்டும், இடும்போது பாட வேண்டும். பெண்ணுக்குக் கூச்சமாக இருந்தால் அத்தைகளும் சித்திகளும் எடுத்துக் கொடுப்பார்கள். காலையில் ஊஞ்சலில் ஆனந்தபைரவி, லாலிக்குக் குறிஞ்சி, தாலாட்டுக்கு நீலாம்பரி அல்லது நவரோஜ் என்று ஒரு வழக்கம் உண்டு. நான் நாலைந்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள் என்பதால் எனக்கு இதில் ஒன்று கண்ணில் பட்டது. நவரோஜும் குறிஞ்சியும் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேலே வரும் 'ஸ'வை, தொடாத ராகங்கள். நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்தில் புறப்பட்டு நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும், குறிஞ்சி தைவதத்துக்கு மேலே போகாது. அதாவது எந்தப் பெண்ணுக்கும், முறையாகக் கற்காதவளுக்கும், அடுப்புப் புகையில் தொண்டை கட்டினவளுக்கும் எட்டுகிற உயரம். மேடைக்கு வேண்டிய பாட்டு வேறு, கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடும் பாட்டு வேறு. பெண்கள் தங்களுக்குள் பாடிக்கொள்ள இந்த ராகங்கள் தங்கியது சும்மா இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பாரி முனைப் பக்கம் அந்தக் காலத்தில் குஜிலிக் கடை என்று இருந்தது, காலணா அரையணாவுக்குச் சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கொலைச் சிந்து, ரயில் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, அதோடு பெண்கள் பாடும் பாட்டுகளும். பாட்டியின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது, அட்டை இல்லாமல். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனால் இந்த மாதிரிப் பழைய அச்சுகளின் அருமை புரியும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்தது அந்த நூலகம். ஆனால் அங்கேயும் மேலே போட்டிருப்பது 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்றுதான். மெட்டு எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிய காலம்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. பாட்டியின் நோட்டு ஒரு தெருவின் நோட்டு. அந்தத் தெருவுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குக் கீரை கொண்டு வரும் அம்மாள் ஒருவர் கடற்கரைப் பக்கத்துக் குப்பத்தில் இருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். மூன்று வாரம் கழித்துக் கூடையோடு வந்தவர், பாட்டி ஏதோ விசாரிக்கப் போக, கொல்லைப்படியில் அப்படியே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். பேசத் தொடங்கிப் பாட்டாக மாறியது, எங்கே மாறியது என்று தெரியவில்லை. அவன் வாங்கித் தந்த சேலை, அவன் கட்டிய ஓலைக் கூரை, அவன் குடித்தது, அடித்தது, மழையில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது எல்லாம் அதில் இருந்தது. பாட்டி நின்றபடியே கேட்டாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போகவில்லை. அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். 'என்ன பாட்டி?' என்றேன். 'எழுதலாம்னு பார்த்தேன். கை வரலைடி கொழந்தே. அவ அழுகையை எழுதினா அது பாட்டாத்தான் இருக்கும், அழுகையா இருக்காது' என்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது, அன்று நம் கையில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும், உடனே, அந்தக் கீரைக்காரம்மாவிடம் கேட்காமல் எப்படிப் பதிவு செய்வது என்றும் தோன்றும். இதையெல்லாம் யோசித்து, கேட்டு, பாடியவர்களை மதித்து, ஊர் ஊராகப் போய்ச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அப்படிப்பட்டவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், கணவர் நவநீதகிருஷ்ணனோடு சேர்ந்து கிராமத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். அதோடு விடவில்லை, தாமே மேடையில் பாடினார்கள். 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நான் அவரைப் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் விருது இல்லை. நாற்று நடும் பாட்டின் சொல்லைப் புத்தகத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாமல், அது எப்படி இழுக்கும், எங்கே குலவை வரும் என்பதைத் தன் தொண்டையிலும் வைத்துக்கொண்டார். எழுதத் தெரிந்தவரே பாடவும் தெரிந்தவராக இருந்தால் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் தங்குகிறது. பாட்டி சொன்னதற்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றால் இப்படிப்பட்டவர்கள்தான்.

மறுபடி வை.மு.கோ. அவருடைய ஒரே மகன் ஸ்ரீனிவாசன் 1956ல் இறந்துபோனார். அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. 1960 பிப்ரவரியில் அவரும் போனார். அவர் நாவல்கள் 1930களிலேயே சினிமாவாகியிருந்தன, 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்' எல்லாம் அப்படி வந்தவை. அவர் போய் ஆறு வருஷம் கழித்து, 1966ல், அவர் கதையிலிருந்து கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த படம் 'சித்தி'. பத்மினி நடித்தது. அந்தப் படத்தில் பி.சுசீலா பாடும் தாலாட்டு ஒன்று இருக்கிறதே, பெண் குழந்தையைப் பார்த்து, தூங்க முடிகிற காலத்திலேயே தூங்கிக்கொள், வளர்ந்துவிட்டால் ஒவ்வொரு வயதிலும் தூக்கத்தைக் கெடுக்க ஒன்று வரும் என்று சொல்வது, கண்ணதாசன் எழுதியது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் அதற்குத்தான் தூங்கியிருக்கின்றன. பாட்டு கோதைநாயகி அம்மாளுடையது இல்லை, தெரியும். ஆனால் 'ஜகன்மோகினி' படித்துக்கொண்டிருந்த பெண்களின் மகள்களும் பேத்திகளும் அதைப் பாடித் தங்கள் குழந்தைகளைத் தூங்க வைத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

மூன்றாவது நோட்டைச் சொல்கிறேன் என்றேன். 1998ல் திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தோம். பங்கு பிரித்தாகிவிட்டது, லாரி வாசலில் நிற்கிறது, ஆளாளுக்கு அவசரம். பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்துவிட்டார். பரணிலிருந்து இறக்கியதையெல்லாம் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்தது நான்தான். ராத்திரி மடிப்பாக்கம் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது இரண்டு நோட்டுதான் இருந்தது. காலையில் முதல் வண்டியில் அந்தக் கடைக்கு ஓடினேன், மூட்டையெல்லாம் முந்தின ராத்திரியே போய்விட்டது என்றார்கள். அந்த நோட்டில்தான் தாலாட்டுகள் இருந்தன. என் பேர் வரும் தாலாட்டு ஒன்றும் இருந்தது. எனக்கு அதில் முதல் இரண்டு வரிக்கு மேல் வராது.

போன தை மாசம் அத்தையைப் பார்க்க நங்கநல்லூர் போயிருந்தேன். அப்பாவின் தங்கை, எண்பத்து நாலு வயது. மறதி வந்துவிட்டது, காலையில் மாத்திரை போட்டாளா என்பது நினைவில்லை, என்னைச் சில சமயம் என் அம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நோட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன், ஒரு நம்பிக்கையும் இல்லாமல்தான். காப்பி குடித்து முடித்ததும் 'அத்தை, "சின்ன நாத்தனார் கல்யாணத்தில் பாடினது" என்று பாட்டி ஒரு மெட்டு எழுதியிருக்கிறாள், உனக்கு ஏதாவது தெரியுமா?' என்றேன்.

'சின்ன நாத்தனாரா? அது என் சின்ன அத்தைன்னா. அவ கல்யாணத்தப்போ நான் அம்மா இடுப்புல' என்றாள். அப்படியானால் தெரிய வாய்ப்பில்லை. நான் நோட்டை மூடப் போனேன். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தாள்.

'சம்பந்தி வந்தாளாம் சாரட்டு வண்டியிலே, சர்க்கரைப் பொங்கலிலே உப்பில்லை என்றாளாம்...'

குரல் நடுங்கியது, சுருதி எங்கோ போய் எங்கோ வந்தது, ஆனால் மெட்டு நிச்சயமாக இருந்தது, 'என்றாளாம்' என்ற இடத்தில் ஒரு சின்ன வளைவு, கேலி செய்கிறபோது கழுத்தை வெட்டுவார்களே, அது மாதிரி ஒரு வளைவு. நான் இத்தனை வருஷமும் அந்தப் பாட்டை ஆனந்தபைரவியில் மெதுவாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லவே இல்லை. துள்ளலான, திஸ்ர நடையில், மூன்று மூன்றாக ஓடுகிற மெட்டு. அவசரமாகப் போனை எடுத்துப் பதிவை அழுத்தினேன், கை வழுக்கியது.

இரண்டாவது தடவையும் அதே இரண்டு வரி பாடிவிட்டு அத்தை நின்றாள். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. 'அப்புறம் என்னவோ வரும். உக்கிராணம்னு வரும். அம்மாவுக்குத்தான் தெரியும்டி, அவளைக் கேளு' என்றாள்.

நோட்டைப் பிரித்தேன். பாட்டியின் ஊதா எழுத்து. 'உப்பைத் தேடி எல்லோரும் உக்கிராணம் போகையிலே, ஊஞ்சல் பலகையிலே ஒய்யாரத் தூக்கமாம்.' நான் வாசிக்க, பாதியிலேயே அத்தை பிடித்துக்கொண்டு பாடினாள், 'தூக்கமாம்' என்ற இடத்தில் அதே வளைவு வந்தது. 'இன்னும் இருக்கா?' என்று கேட்டாள். இன்னும் நாலு அடி இருக்கிறது என்றேன். 'சத்தமா வாசி' என்றாள்.